செல்விக்கு ஒரு குழி

இப்பல்லாம் செத்தவங்களைப் புதைக்கிறதுக்குக்கூட, எந்தச் சாமி என்று கேட்கிறானுங்க. சாமியே இல்லை என்றால் குழியும் இல்லையாம்.

என் பெண்டாட்டி செல்வி காலையில் உப்பளத்திலேயே விழுந்து செத்துப்போனாள். சடங்கு செய்யாமல் சுடுகாட்டுக்குள் விடமாட்டோம் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் பிறந்தது கிறிஸ்தவ வீட்டில். அதனால் மாதா கோயில் உபதேசியார் வேதமுத்துவிடம் போனேன்.

"கல்லறையில ஓரமா ஒரு இடம் கொடுப்பா. ஆனா ஜெபம், சிலுவை எதுவும் கூடாது. நாப்பது வருஷமா சாமி இல்லைன்னு என்கூட வாழ்ந்தவ. செத்தப்புறம் ஆளை மாத்தக்கூடாது."

"ஓரமா எதுக்குண்ணே? நடுவுலயே வெட்டச் சொல்லிட்டேன்."

"நான் இப்பதானே வந்து கேக்கறேன்?"

வேதமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"ஞாயித்துக்கிழமை உப்பு வாரப் போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு, அண்ணி இங்க கோயில் பூசைக்குத்தான் வருவாங்க. எத்தனையோ வருஷமா. நீங்க கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு, திரும்பிப் போறப்ப பாத்தியில இறங்கி கால்ல உப்புச் சேறு பூசிக்கிட்டுத்தான் போவாங்க."

நான் கிளம்பத் திரும்பினேன்.

"ஜெபத்துக்கு நீங்களும் நிக்கணும்ண்ணே."

"பாவம் பார்த்துக் கதை கட்டாதே," என்றேன்.

குழி கிடைத்தது, அதுவரை சரி. ஆனால் செல்வி என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. கண்ணால் பார்க்காத எதையும் நான் நம்பினவன் கிடையாது. இவன் பேச்சை மட்டும் எதற்கு நம்ப வேண்டும்?

அவள் கிடக்கும் வீட்டைப் பார்த்து நடந்தேன்.