நடுராத்திரிக்கு முன்னால்

“மணி ஒன்பதுதான் ஆகுது, கூர்ஜியா. தாவீது ராஜாவே நடுராத்திரியிலதான் எழுந்து பாடினாராம். உனக்கு மட்டும் என்ன அவசரம்?”

கூர்ஜியா திடுக்கிட்டு, தாவீது பாடிய சங்கீதங்களின் வேதப் புத்தகத்தை மூடினாள். வாசலில் அவள் கணவர் ஓவாதியா. ஜெருசலேம் சந்தையில் மசாலா வியாபாரி. விலையில் விட்டுக்கொடுப்பார், வழக்கத்தில் மாட்டார்.

“தூங்கலையா நீங்க? விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்.”

“எனக்குச் சின்ன ஆபரேஷன்தானே? பேச்சை மாத்தாதே. நடுராத்திரி தாண்டாம சங்கீதம் படிக்கிற வழக்கம் நம்ம வீட்டுல உண்டா?”

சின்ன ஆபரேஷன் என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். அவர் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். இவரோ பயந்தாங்கொள்ளி. தெரிந்தால் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டார்.

“உயிருக்கு ஆபத்துன்னா எப்ப வேணா படிக்கலாமே!”

“படிக்கலாம். யாருக்கு ஆபத்து?”

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அது... என் தங்கச்சிகூட வேலை பார்க்கிறவங்களோட பையன். உங்களுக்குத் தெரியாது.”

“அடப் பாவமே! முதல்லயே சொல்றதுக்கென்ன? தள்ளி உட்காரு, நானும் படிக்கிறேன். பையன் பேரென்ன? அம்மா பேரு?”

நோயாளிக்காக வேண்டும்போது தாயின் பெயரையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

“மெ... மெனாஷே. நஜியா மகன்.” வாயில் வந்ததைச் சொன்னாள்.

“நிச்சயமாத் தெரியுமா?”

“போலீஸ்காரர் மாதிரி கேட்காதீங்க. படிங்க!”

குல்லாயைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். குரல் நடுங்கவில்லை. அவளுக்குத்தான் எழுத்துகள் கலங்கின. அவர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கைக்குட்டையை நீட்டினார்.

“யார் பெத்த பிள்ளைக்கோ இவ்வளவு அழுகையா?”

“எல்லாம் ஒரு உயிர்தானே?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில், “மெனாஷே, நஜியா மகன்; அவனுக்குப் பூரண சுகம் கொடு” என்று கணீரென்று முடித்தார்.

அப்பாடா, நம்பிவிட்டார். புத்தகத்தை மூடப் போனாள்.

அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார் ஓவாதியா.

“மூடாதே. இன்னொரு தடவை முதல்லேர்ந்து படிப்போம். இந்தத் தடவையாவது பேரைச் சரியாச் சொல்லு. ஓவாதியா, ஹபீபா மகன்.”