மொட்டை ஜன்னல்

"ஏம்மா நினெத், நீ அந்தக் கைதட்டிப் பாடுற சபையில சேர்ந்துட்டியா?"

ஒட்டீலியா நடுத்தெருவில் நின்று கேட்டாள். நாலு வீட்டுக்குக் கேட்கட்டும் என்றேதான் கேட்டாள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழன் மத்தியானம். குவாத்தமாலாவின் ஆன்டிகுவா ஊரில், சாமி ஊர்வலத்துக்காக அந்தச் சந்து முழுக்க ஊதாத் துணி. ஒவ்வொரு ஜன்னலிலும் நீளத்துணியை வளைத்து வளைத்து மடித்து, ரெண்டு ஓரமும் தொங்கவிட்டிருந்தார்கள். எதிர்வீட்டு நினெத்தின் ஜன்னல் மட்டும் மொட்டை. நேற்றுவரை தொங்கிய துணியைக்கூடக் காலையில் அவிழ்த்துவிட்டாளாம்!

"அதெல்லாம் இல்லீங்க தோன்யா ஒட்டீலியா. இன்னிக்கு ஒருநாள் இப்படியே இருக்கட்டுமே."

"இன்னிக்குத்தானேம்மா வேணும்! முக்குல சப்பரம் திரும்பறப்போ பங்குச் சாமியார்லேர்ந்து பேண்டுக்காரன் வரைக்கும் எல்லார் கண்ணும் இந்தச் சந்து மேலதான். துணி இல்லேன்னா சொல்லு, என்கிட்ட எட்டு முழம் மிச்சம் கிடக்கு."

"துணி இருக்குங்க."

"அப்ப மனசுதான் இல்ல."

நினெத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒட்டீலியாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அவள் புருஷன் லிசாந்த்ரோ வருஷா வருஷம் அந்தச் சப்பரத்தைத் தோளில் சுமந்தவர். பக்கவாதத்தில் விழுந்தபிறகு இதுதான் முதல் பெரிய வியாழன். கட்டிலை ஜன்னலோரம் போட்டும் பிரயோசனமில்லை. சப்பரம் சந்துக்குள் வராமல் முக்கோடு திரும்பிவிடும். தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்த்தால்தான் முக்கு தெரியும். அவருக்கோ எழுந்து உட்காரவே முடியாது. "ஒரே ஒரு தடவை சாமி முகத்தப் பார்த்துட்டா போதும் கிழவி" என்று வாரமெல்லாம் புலம்பல்.

அந்த மனுஷன் அப்படி ஏங்க, கைகால் நன்றாக இருக்கிற இவளுக்கு ஒரு துணி கட்ட வலிக்கிறதாக்கும்!

பேண்டு சத்தம் கேட்டது. ஒட்டீலியா முக்குக்கு ஓடினாள். சாம்பிராணிப் புகைக்கு நடுவே, சிலுவை சுமந்த சுரூபம் ஆடி ஆடித் திரும்பியது. 'அவருக்குக் கொடுத்து வைக்கலியே, ஆண்டவரே' என்று அழுதாள். திரும்பி வரும்போது வழியில் நின்ற பெண்களிடம் நினெத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

வீட்டுக்குள் லிசாந்த்ரோ குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"ஐயோ, என்னங்க? எங்க வலிக்குது?"

"பார்த்துட்டேன் கிழவி!"

"யார?"

"சாமியத்தான்! திரும்பறப்போ முகம் முழுசாத் தெரிஞ்சுது. என்கூடச் சப்பரம் தூக்குவானே நம்ம ரெமிஹியோ, அவனும் முன்னால தூக்கிட்டுப் போறான். நடையில இன்னும் அதே தப்புத் தாளந்தான்!"

"படுத்த இடத்துலேர்ந்தா?"

விளங்குகிற கையால் வெளியே காட்டினார். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி. அதில் முக்கு அப்படியே தெரிந்தது. கலைகிற கூட்டமும் தெரிந்தது.

"நீ ஓடினதும் அந்தப் பொண்ணு வாசல்ல நின்னு, 'ஐயா, என் கண்ணாடியப் பாருங்க'ன்னு கத்துச்சு."

ஒட்டீலியா விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள்.

அவள் வருகிற வேகத்தைப் பார்த்து நினெத் பயந்துபோனாள். கையில் ஊதாத் துணி.

"திட்டாதீங்க தோன்யா, இதோ கட்டிடறேன். நேத்து நான் ஐயாவைப் பார்க்க வந்து தலமாட்டுல உட்கார்ந்திருந்தப்போ, துணிக்கு ஓரமா கண்ணாடியில முக்கு தெரிஞ்சுது. வெயிலடிச்சா தெரியாமயும் போயிடும். சும்மா ஆசை காட்டக் கூடாதேன்னுதான் சொல்லல."

ஒட்டீலியா அவள் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும் தாயி. என்னை மன்னிச்சுடு."

பிறகு அந்தத் துணியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"கட்டித் தொலைச்சிடாதடி! நாளைக்கும் முக்குல சப்பரம் வருது!"