கூடார விதி

"புதுப் பதிப்புல அந்த விதியையே எடுத்துட்டாங்களா? அப்போ எனக்கு இந்தப் புத்தகம் வேண்டாம்" என்றார் தச்சர்.

கணக்கு வாத்தியாரின் முகம் தொங்கிப்போனது. விளையாட்டின் புது விதிப்புத்தகத்தை முன்பதிவு செய்து, காத்துக் கிடந்து, ஆசை ஆசையாகச் சுமந்து வந்திருக்கிறார் மனிதர். அவர் இந்தக் குழுவில் சேர்ந்தே ஒரு மாதம்தான் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பல் டாக்டரின் கிளினிக் மூடியிருக்கும். நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அறையில் அன்று நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஒரு கதைக்குள் போவார்கள். கதையை நடத்துவது டாக்டர். தச்சர் அதில் வில்லாளி, தையல்காரம்மா மந்திரக்காரி. வாத்தியார் வாள்வீரர், தொப்பையோடு.

"இதைத் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க சார். சண்டையெல்லாம் என்ன வேகம் தெரியுமா?" என்றார் வாத்தியார், புத்தகத்தைத் தட்டி.

"திட்டறவங்களும் இருக்காங்க, நானும் படிச்சேன்" என்றார் தையல்காரம்மா, டாக்டரைப் பார்த்து. "கூடார விதியை எடுத்ததுக்குத்தான் அத்தனை திட்டும்."

அப்படியொன்றும் பிரமாதமான விதி இல்லை அது. கதையில் பயணிகள் இரவு கூடாரம் போட்டுத் தங்கும்போது ஆளுக்கொரு கேள்வி பக்கத்திலிருப்பவரைக் கேட்க வேண்டும். அவர் பொய் சொல்லக் கூடாது. அப்போதுதான் பட்ட காயம் ஆறும். புதுப் பதிப்பில் பகடையை ஒரு தரம் உருட்டினாலே ஆறிவிடும்.

"நேரம் மிச்சம்தானே? உக்காந்து ஊர்க்கதை பேசிக்கிட்டிருந்தா பூதத்தை எப்போ கொல்றது?"

"பூதம் எங்கயும் ஓடிடாது, வாத்தியாரே" என்றார் தச்சர். "அந்த விதி போச்சுன்னா நானும் வரல, டாக்டர். அப்புறம் இங்க எனக்கு என்ன இருக்கு?"

ஒரு விளையாட்டுக்கா இந்த மனிதர் இப்படிக் கலங்குகிறார் என்று வாத்தியாருக்கு வியப்பாக இருந்தது. எரிச்சலும்தான்.

"இன்னிக்குப் பழையபடி ஒரு கூடாரம் போடுவோம். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார் டாக்டர்.

வில்லாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மந்திரக்காரி, கண் எரிச்சல் குறைஞ்சுதா?"

"பகல்ல பரவாயில்ல. விளக்கு வெளிச்சத்துல எரியுது." மந்திரக்காரி பகடையை உள்ளங்கையில் உருட்டினாள். "வில்லாளி, விடிய விடிய இருமுறியே, மருந்து குடிக்கிறியா?"

"இல்ல. இனிமே குடிக்கிறேன்."

வாத்தியார் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். இதில் எங்கே இருக்கிறது சாகசம்?

பழையதே போதும் என்று மூன்று கைகள் உயர்ந்தன. வாத்தியார் புத்தகத்தைப் பைக்குள் திணித்தார்.

ஆட்டம் முடிந்து மற்ற இருவரும் படியிறங்கியபின் அவர் பொருமித் தீர்த்தார். "பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிறாங்களே ரெண்டு பேரும். அந்த ஒரு விதியில அப்படி என்னதான் இருக்கு டாக்டர்?"

டாக்டர் நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்தினார். வாத்தியார் ஜன்னலுக்கு வந்தார். கீழே தச்சர் ஸ்கூட்டரைக் கிளப்ப, தையல்காரம்மா பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"அட, ரெண்டு பேருக்கும் ஒரே பக்கமா வீடு?"

"ஒரே வீடு. புருஷன் பொண்டாட்டி" என்றார் டாக்டர். "அங்க பேச்சு நின்னு வருஷக்கணக்காச்சு. இங்க கூடாரம் போட்டாத்தான் பேசிக்குவாங்க."