வழியனுப்பும் சொல்

என் கணவர் இளங்கீரன் டீயில் படிந்திருந்த ஆடையை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் தடவினார். எங்கள் சொகுசுக் கூடாரத்தின் முன்னால், கழுத்தில் மின்பட்டை பூட்டிய காட்டுயானை நாங்கள் வைத்த வெல்லத்தைத் தின்றுகொண்டிருந்தது. ‘வா’ என்று சொன்னால் அந்தப் பட்டை யானையைக் கூடாரத்துக்குக் கொண்டுவரும். ‘போ’ என்றால் காட்டுக்குத் திருப்பிவிடும்.

“போதுமுங்க, அனுப்பிருங்க,” என்றேன்.

“சார், ‘போ’ன்னு மட்டும் சொல்லுங்க,” என்றாள் விடுதிப் பணிப்பெண் ரங்கி.

அவர் சிரித்தார். “வாசலுக்கு வந்தவனை மொட்டையா போன்னு சொன்னா எங்கம்மா தோலை உரிச்சுப்போடும்.” யானையின் துதிக்கையைத் தட்டிக்கொடுத்தார். “போயிட்டு வா, ராசா.”

பட்டை இரண்டு சொல்லுக்கும் பணிந்தது. காட்டுப் பக்கம் திரும்பிய யானையை அதே நொடியில் எங்கள் பக்கம் சுண்டி இழுத்தது. வலியில் பிளிறிக்கொண்டு அது சுழன்றது. தந்தம் அவர் விலாவில் இறங்கியது. யானை அவரை அப்படியே தூக்கித் தரையில் அடித்தது.

“போ! போ!” என்று ரங்கி அலறினாள்.

யானை பணிந்தது. அவர் மார்பின் மேலாகவே நடந்து காட்டுக்குள் போனது. எலும்புகள் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் மின்மயானத்தில் அவர் உடல் உள்ளே நகர்ந்தபோது, வீட்டு வாசலில் தினமும் சொல்வதையே சொன்னேன்.

“போயிட்டு வாங்க.”