கடக்ரொட்டி டாட் காம்

“வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓனர் இடத்துல என் பேரே இருக்கட்டும் சார்” என்றாள் நீலாம்பிகா, இரண்டாவது தடவையாக.

பிரணீத் ஹெப்பார் சிரித்தான். பெங்களூரு கோரமங்களாவின் அந்தக் கண்ணாடி அறையில் அவனுக்கு மட்டும் காபி வந்திருந்தது. “பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? ஃபிரேம் போட்டு பாகல்கோட்ல உங்க வீட்டு வாசல்ல மாட்டப் போறியா?”

மூன்று வருடத்துக்கு முன்னால் இவன் ரொட்டிக் கம்பெனி தொடங்கியபோது வலைத்தளத்துக்கு ‘கடக்ரொட்டி’ என்ற பெயரைச் சொன்னவள் அவள்தான். மொறமொறவென்று காய்ந்த சோள ரொட்டிக்கு அவள் ஊரில் அதுதான் பெயர். “நீயே பதிவு பண்ணிடு, எனக்கு மீட்டிங் இருக்கு” என்று எழுந்து போனவன் இவன். அவள் தன் பெயரில், தன் மெயிலில் பதிவு செய்தாள். அதற்குப் பிறகு வந்த பேட்டிகளில் எல்லாம் அந்தப் பெயர் இவனுக்குக் குளிக்கும்போது தோன்றியதாக இருந்தது.

ரொட்டி வியாபாரம் படுத்ததும், வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அவளை வேலையை விட்டு அனுப்பினான். ரிலீவிங் லெட்டர் கேட்டு எட்டு மாதம் மெயில் போட்டாள். பதில் இல்லை. அது இல்லாமல் திங்கட்கிழமை புது வேலையில் சேர முடியாது.

இப்போது மும்பை நொறுக்குத்தீனிக் கம்பெனி ஒன்று அந்தப் பெயரை நாற்பது லட்சத்துக்குக் கேட்கிறது. ஹெப்பாருக்கு நீலாம்பிகாவின் நம்பர் ஞாபகம் வந்தது அதனால்தான்.

“மும்பைக்காரங்க என்ன கேக்கறாங்க சார்?”

“வெப்சைட் பேரு, நாம பதிவு பண்ணின கம்பெனியிலேருந்து அவங்க பதிவுக் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சேரணுமாம். நம்பர் மாறாம சிம் கம்பெனி மாத்தற மாதிரி. வரலைன்னா பாக்கெட்ல வேற பேரை அச்சடிச்சுடுவாங்க. போதுமா விளக்கம்?”

“போய்ச் சேர அஞ்சு நாள் ஆகும். இன்னைக்கே அனுப்பிடலாம். அதுக்கான ரகசியக் கோடு நம்பர் என் மெயிலுக்கு வரும், இங்கயே உட்கார்ந்து எடுத்துத் தரேன். அங்க போய்ச் சேர்ந்ததும் அவங்க பேருக்கு மாத்திக்கட்டும். அதுவரைக்கும்...”

“அதுவரைக்கும் நீ ஓனர். புதன்கிழமை போன் பண்ணி, பத்து லட்சம் வெட்டுன்னு சொல்லுவே. உங்க ஆளுங்களை எனக்குத் தெரியாதா?”

எந்த ஆட்கள் என்று அவள் கேட்கவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம், வாக்கியத்துக்கு வாக்கியம் அவள் ஊர் வழக்கப்படி மரியாதைக்குப் போட்ட ‘ரீ’யை மீட்டிங்கில் பேசிக் காட்டிச் சிரிக்கவைத்தவன்தானே.

“அது இல்ல சார். முதல்லயே பேரை மாத்திட்டா...”

“எனக்குப் பாடம் எடுக்காதே. நான் அமெரிக்காவுல படிச்சவன். முதல்ல உன் பேரு போகணும். அப்புறம்தான் லெட்டர்.”

கணக்கைத் திறக்கச் சொல்லி, மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். உரிமையாளர் என்ற இடத்தில் நீலாம்பிகா ஹூகாரை அழித்துத் தன் பெயரை அடித்தான். நீளமான அறிவிப்பு ஒன்று வந்தது. அடியில் ஒரு சின்னக் கட்டம். அதை நிரப்பாமலேயே, ஒரு வரியும் படிக்காமலேயே, ‘சரி’யை அழுத்தினான்.

அதே அறிவிப்பு ஒப்புதலுக்காக அவள் போனுக்கும் வந்தது. கடைசி வரி வரைக்கும் படித்தாள். ஸ்காலர்ஷிப் படிவத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் ஒரு வருடப் படிப்பே போய்விடும் என்று நடுங்கி நடுங்கிப் படித்து வந்தவள் அவள். படிக்காமல் ‘சரி’ போடுவதெல்லாம் அப்பன் சேர்த்து வைத்தவர்களுக்கு வாய்த்த சுகம்.

“இதைப் படிச்சீங்களா சார்?”

“நான் எதுக்குப் படிக்கணும்? நீ எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிச்சிட்டேன்னா அமுக்கு.”

“லெட்டர்ல கையெழுத்துப் போடுங்க. அமுக்கறேன்.”

அடித்துத் தயாராக வைத்திருந்த லெட்டரில் கிறுக்கிவிட்டு அதை மேசையில் எறிந்தான். அது வழுக்கிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். தேதி பார்த்தாள், முத்திரை பார்த்தாள், பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகுதான் ஒப்புதலை அழுத்தினாள்.

திரையில் அவன் பெயர் வந்தது.

“பார்த்தியா? ரெண்டு நிமிஷ வேலை. இதுக்குப் போய் வெள்ளிக்கிழமை, வியாழக்கிழமைன்னு.” காபியை ஒரு வாய் குடித்தான். “உனக்கெல்லாம் சம்பளத்துக்கு வேலை செய்யத்தான் வரும். ஓனரா இருக்கறதுக்குப் பொறப்பு வேணும்.”

மும்பைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவள் கேட்க வேண்டுமே. “ஓனர் இப்ப நான்தான் ஜி. இதோ, கோடு அனுப்பறேன்” என்று சொல்லிக்கொண்டே இடமாற்றத்துக்கான பொத்தானை அழுத்தினான்.

சிவப்பில் ஒரு வரி வந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி அதே வரி.

“என்ன பண்ணித் தொலைச்சே நீ?” குரல் கீச்சென்று போயிற்று. “பழையபடி உன் பேரையே போடு. உடனே போடு.”

“இனி எந்தப் பேரைப் போட்டாலும் ஒண்ணுதான் சார்.”

“என்ன ஆச்சு ஹெப்பார் ஜி, கோடு வரலையே?” என்றது போன்.

நீலாம்பிகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போன் பக்கம் குனிந்து, அவனிடம் சொல்ல வந்ததை மும்பைக்காரரிடம் சொன்னாள்.

“அறிவிப்புக்கு அடியில இருக்கற கட்டத்தை நிரப்பாம ஓனர் பேரை மாத்திட்டா, அறுபது நாளைக்கு வேற பதிவுக் கம்பெனிக்கு அனுப்ப முடியாது ஜி.”