அடீனியம் கிளையில் ஒரு கூடு

நிழல்வலைக்குள் பச்சை வெளிச்சம் இறங்குகிறது. தாய்லாந்திலிருந்து வந்த அடீனியம் செடிகளின் முன்னால், தொண்டாமுத்தூர் நர்சரிக்காரி கோமளா கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். ஒரு கிளையில் காய்ந்த நுரைபோலப் பழுப்பாக ஒரு முட்டைக்கூடு ஒட்டியிருக்கிறது. வெளிநாட்டுப் பூச்சி என்றால் அத்தனை செடியையும் கொளுத்திவிட வேண்டியதுதான். பூச்சிகளைப் பற்றிப் படித்த நித்யஸ்ரீ, கூட்டின் வரிவரியான அடுக்கின்மேல் பூதக்கண்ணாடியைப் பிடிக்கிறாள். “கும்பிடுபூச்சிக் கூடுங்க அக்கா. இந்தக் கிளை எப்பத் துளுத்துச்சுங்க?” “இங்க வந்து பழைய கிளையெல்லாம் வெட்டிக் கவாத்துப் பண்ணுனதுக்கு அப்புறந்தான் அம்மணி.” நித்யஸ்ரீயின் முகம் மலர்கிறது. “அப்பக் கூடவே வந்ததில்லீங்க. இங்க இருக்கற பூச்சி வெச்ச முட்டை. குஞ்சு பொரிச்சா, செடிச்சாறு உறிஞ்சற அசுவினியெல்லாம் புடிச்சுத் தின்னுபோடும், உட்டுருங்க.” கோமளா கவிழ்த்துவைத்த தொட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்து சிரிக்கிறாள். “அட, நம்மூட்டுப் புள்ளத்தாச்சியா! இதுக்கா நான் பொட்டுக்கூடத் தூங்காமக் கெடந்தேன்?” கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுகிறாள். செடியைத் தொட்டியோடு அலுங்காமல் தூக்கி, அசுவினி அப்பிய செம்பருத்தி வரிசைக்கு நடுவே கொண்டுபோய் வைக்கிறாள்.