லெக் பீஸ் சார் இளைத்த கதை

"ஏறுங்க சார், இன்னிக்கு எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாத்துருவோம்," என்று மூட்டை நிறுக்கும் தராசைத் தட்டினார் பில் போடுபவர்.

பார்சல் ஆபீஸ் மேலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். முள் போன மாதத்தைவிடக் கீழேதான் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இப்படியே போனா உங்களையே கவர்ல போட்டு அனுப்பிரலாம் சார்."

"சார் எங்கயோ பொண்ணு பாத்துட்டாரு, நம்மகிட்ட மறைக்கிறாரு," என்றார் கணக்கு பார்க்கும் அக்கா. மனைவியைப் பறிகொடுத்த மனிதரிடம் இதைக் கேட்கலாமா என்றெல்லாம் அங்கே யாரும் யோசிப்பதில்லை.

மேலாளரும் சிரித்து வைத்தார். "டாக்டர் பயமுறுத்திட்டாரும்மா," என்றார். அது பொய். அவர் டாக்டரைப் பார்த்தே பல வருஷமாகிறது.

லெக் பீஸ் சார் என்பது ஆபீஸ் அவருக்கு வைத்த பெயர். எந்த விருந்தானாலும் கோழிக்கால் அவர் தட்டுக்குப் போன பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய்யும் வேண்டாம் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

"கறி வேணாம்னா புரியுது சார். டீயில ஊத்தற பால் என்ன பண்ணிச்சு?" என்று கேட்டார் வண்டி ஓட்டுபவர்.

"வீகன்னா அப்படித்தாம்ப்பா." அதற்கு மேல் அவருக்கும் விளக்கத் தெரியவில்லை.

கேலி செய்தவரைக்கும் தேவலை. அலுத்துப்போய் விட்டுவிட்டார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பிறந்தநாள் கேக் அவரைத் தாண்டிப் போனது. சாயங்காலம் டீக்குக் கிளம்புகிறவர்கள், சார்தான் குடிக்க மாட்டாரே என்று கூப்பிடாமலே கிளம்பினார்கள்.

மதியச் சாப்பாட்டு மேஜையில் ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கை விடுவதுதான் வழக்கம். இவர் டப்பா பக்கம் மட்டும் ஒரு கையும் வராது. கடைசியில் அவரே அதைத் தூக்கிக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வேகவைத்த பயறும் கீரையும் தின்று நாக்கு செத்துப் போயிருந்தது. வீட்டுக்குப் போனாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

அவருக்கு ஒரே மகள். வீட்டில் முதலில் வீகனானவள் அவள்தான். அவருடைய பதவி உயர்வு விருந்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவள் தட்டில் ஒரு கறித்துண்டை வைத்து, "அப்பாவுக்காகச் சாப்பிடு," என்றார். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அவருக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. "என் வீட்ல இருக்கணும்னா நான் போடறதைத் தின்னு. இல்லன்னா இங்க இருக்காத," என்று கத்தினார். பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கும் ஊருக்குப் போனவள் அதற்கப்புறம் வாசல்படி மிதிக்கவில்லை. எப்போதாவது ஒரு போன் வரும். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அதோடு சரி.

மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வராது. அதனால் வாயைக் கட்டினார். அவள் சாப்பிடுவதையே தானும் சாப்பிட்டுப் பழகி, என்றாவது தன் கையால் அவளுக்கு அதைச் சமைத்துப் போட்டால் சொல்லாமலே புரிந்துகொள்வாள் என்று நம்பினார். உடம்பு இளைத்தது வெறும் கொசுறு.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை வரட்டுமாப்பா?"

"இதென்னம்மா கேள்வி. வா."

"நீங்க வாங்குவீங்களே, அந்தக் கறிக்கடை இன்னும் இருக்காப்பா?"

"இருக்கும்மா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தார். காட்டட்டும், தான் பேசிய பேச்சுக்கு இதுவாவது வேண்டாமா என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து சமையலறையில்தான் இருந்தார். கறி பட்ட வாடைகூட அவளுக்கு ஆகாது என்று சட்டி, கரண்டியெல்லாம் புதிதாக வாங்கியிருந்தார். காயும் பயறும் வேகும்போது, "நானும் இப்ப இதைத்தாம்மா சாப்பிடறேன்," என்று ஒரு தடவை அடுப்பிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மகள் வந்தாள். அவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னப்பா இப்படிப் பாதியாயிட்டீங்க? ஒழுங்கா சாப்பிடறதில்லையா?"

"அதெல்லாம் சாப்பிடறேன். நீ முதல்ல உக்காரு," என்று மூடிய பாத்திரங்களை மேஜையில் கொண்டுவந்து வைத்தார். மூடியை எடுக்கப் போனார்.

"இருங்கப்பா. முதல்ல இது," என்று அவள் பையிலிருந்து ஒரு தூக்கை எடுத்துத் திறந்தாள்.

கோழிக்கறி. அவளே சமைத்தது, மசாலா கொஞ்சம் தீய்ந்திருந்தது. அவர் தட்டில் நிறைய வைத்தாள். பிறகு தன் தட்டிலும் ஒரு துண்டு வைத்துக்கொண்டாள்.

அவர் கை பாத்திர மூடியிலேயே இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் அந்தத் துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினாள். உடனே தண்ணீர் குடித்தாள்.

"பழகிட்டேன்ப்பா. இனிமே நான் வீட்டுக்கு வந்துரட்டுமா?"